வெயில்பாகு

நெடுமணலில் வெயில் செத்த மரத்தைத் தின்னத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்து ஏழாம் நாள். மூடிப்போன சர்க்கரை ஆலைக்குப் பின்னால் பதினோரு வருஷமாகக் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த கரும்புச் சக்கை மேடு, முந்தின ஐப்பசி மழையில் பச்சைப் பாசி படர்ந்து, தையில் அந்தப் பாசி காய்ந்து பொருக்காகி, மாசியில் எப்படியோ மறுபடி ஈரம் பிடித்து வழவழவென்று ஆகியிருந்த அந்த மேடு, அன்றைக்குக் காலை பத்து மணி வெயில் பட்டதும் ஓரத்திலிருந்து ஒழுக ஆரம்பித்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன செங்கேணியின் கால் அதில் கணுக்கால்வரை புதைந்தது. அவள் காலை உருவி, செருப்பில் ஒட்டியிருந்த பழுப்புப் பிசினை விரலால் வழித்து, மோந்து பார்த்து, அப்புறம் நக்கினாள். நாயும் பன்றியும் புரண்ட இடம், ஊரில் பாதிப்பேர் விடியற்காலையில் ஒதுங்குகிற இடம். அதில் வழிந்ததை எடுத்து ஒரு மனுஷி வாயில் வைத்துக்கொண்டாள் என்று அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, அவளுக்குப் பின்னால் வந்த நாற்பது பேரும் அதையேதான் செய்தார்கள். பாகு தித்தித்தது. சாயங்காலத்துக்குள் ஊரே குடமும் குண்டானுமாக மேட்டைச் சுற்றி நின்றது.

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஆலை மூடியபோதே ஏன் என்று கேட்காதவர்கள். ஒரு நாள் சங்கு ஊதவில்லை, மறுநாளும் ஊதவில்லை, சரி, மூடிவிட்டார்கள்போல என்று வேறு வேலைக்குப் போனவர்கள். இப்போது சக்கை ஒழுகியது, பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் மேட்டின் பாசி காற்றோடு ஊருக்குள் வந்தது. வந்து கதவில், ஏணியில், கயிற்றுக் கட்டிலில், வைக்கோல் போரில், கொடியில் காய்ந்த வேட்டியில், எதெல்லாம் ஒரு காலத்தில் செடியாகவோ மரமாகவோ உயிரோடு நின்று இப்போது செத்துக் கிடந்ததோ அதில் எல்லாம் ஒரு பச்சை மினுக்கமாக உட்கார்ந்தது. அப்புறம் வெயில் பட வேண்டியதுதான், அது உருகிப் பாகானது. உயிரோடிருந்ததை வெயில் தொடவில்லை. தெருமுனை வேப்பமரம் வேப்பமரமாகவே நின்றது, ஆனால் அதிலிருந்து விழுந்த சுள்ளி, பெருக்க வந்தவள் விளக்குமாற்றைக் கொண்டுபோவதற்குள் ஒரு சொட்டாகியிருக்கும், விளக்குமாறும் வெயிலுக்கு வந்த மாத்திரத்தில் அவள் கையிலேயே ஒழுகும். நிழலில் எதுவும் ஆகாது. விளக்கு வெளிச்சத்திலும் ஆகாது. நேரான வெயில் வேண்டும்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. கதவுகள் போனதும் தகரக் கதவு வந்தது. வேட்டி போனதும் ஆம்பிளைகள் பாலியஸ்டர் லுங்கிக்கு மாறினார்கள். மாடியில் காயப்போட்ட மிளகாய் காரப் பாகாக வடிந்தபோது அதையும் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டார்கள். பெண்களின் தாலிக் கயிறு கழுத்திலேயே உருகி ரவிக்கைக்குள் ஒழுகிய அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுகையும் கூச்சலும் கேட்டது. பூசாரி நைலான் கயிற்றை மஞ்சளில் தோய்த்து அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்ததும் அதுவும் அடங்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு டம்ளரையும் வைத்துக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும் பத்திரிகையை வெயிலில் காட்டி, டம்ளரில் வடித்து, அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு, "அவசியம் வந்துடறோம்" என்பது மரியாதையானது. எந்த வீட்டில் எந்தச் சாமானை வெயிலில் வைத்தாலும் முதல் டம்ளர் அந்தத் தெருவின் சர்க்கரை நோயாளிக்கு என்ற வழக்கமும் அந்தச் சித்திரையிலேயே வந்துவிட்டது. வருஷக்கணக்காக வாயைக் கட்டி வைத்திருக்கிறவர்கள், பாவம் என்றார்கள்.

இந்த முதல் டம்ளர் விஷயத்தைத்தான் அஞ்சலாட்சியால் தாங்க முடியவில்லை. அவள் நெடுமணலுக்கும் சுற்றியிருந்த நாலு கிராமத்துக்கும் சுகாதார நர்ஸ். முப்பத்திரண்டு வருஷச் சர்வீசில் சீழையும் மலத்தையும் நஞ்சுக்கொடியையும் கையால் அள்ளியவள், அருவருப்பு என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எங்கேயோ தொலைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவள். அது தொலையவில்லை, இத்தனை நாளும் இதற்காகத்தான் அவளுக்குள் காத்திருந்தது. ஊருக்குள் காலை வைத்தால் செருப்பு தரையில் ஒட்டி ஒவ்வொரு அடிக்கும் சப் சப் என்று பிடுங்கிக்கொண்டு வந்தது. ஈ மொய்க்காத முகம் இல்லை. கள் புளித்த மாதிரி, அழுகின பலாச்சுளை மாதிரி ஒரு நாற்றம் எல்லார் வாயிலும் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி வீசியது. அதைவிட நாக்குகள். பேசிக்கொண்டிருக்கும்போதே விரலை நக்குகிறவர்கள், விரலை நக்கிவிட்டு அதே விரலால் குழந்தையின் கன்னத்தைத் துடைக்கிறவர்கள், இடிந்த வீட்டு உத்தரத்தில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே, "வா நர்ஸம்மா, சாப்ட்டியா?" என்று விசாரிக்கிறவர்கள். தூ என்று அவள் துப்பாத தெரு இல்லை.

அவள் தன் வீட்டைச் சுத்தம் பண்ணினாள். மரக்கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, பழைய காலண்டர், பருத்திச் சேலை, முறம், மத்து, பிள்ளை இல்லாத வீட்டில் முப்பது வருஷமாகப் பரணில் கிடந்த தொட்டில், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் கட்டிலும் இரும்பு பீரோவும் தகரக் கதவுமாக ஆக்கினாள். அந்த வீட்டில் செடியில் பிறந்தது என்று மிஞ்சியிருந்தது, மூடி போட்ட டின்னில் இருந்த அரிசி பருப்பும், அவள் கழுத்துக் கயிறும்தான். கயிற்றை மட்டும் அவள் மாற்றவில்லை. தாலிக்கு நைலானா என்று அவளுக்கு அதிலும் ஓர் அருவருப்பு. நைலக்ஸ் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, ஒரு நூல் வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

இவ்வளவும் அவள் செய்தது தெய்வசிகாமணிக்காக. அவள் புருஷன், பன்னிரண்டு வருஷச் சர்க்கரை நோயாளி, ஆலையில் முப்பது வருஷம் பாகு பார்த்தவர். கொதிக்கிற கொப்பரையிலிருந்து ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பி நிற்கிறதா என்று பார்த்து, "இறக்கு" என்றால் இறக்குவார்கள், "இரு" என்றால் இருப்பார்கள். பாகுக்காரர் என்றுதான் ஊரில் பெயர். ஆலை மூடின மறுநாளிலிருந்து அந்த மனுஷனை யாரும் எதற்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஊரே அவரைக் கேட்டது. ஒரு வீட்டில் பழைய மரப்பெட்டியை வெயிலில் வைத்தாலும் பாகுக்காரரைக் கூப்பிடு என்றார்கள். அவர் போய் விரலில் தொட்டு, கம்பி இழுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "இது தேக்கு. கடைசீல தோல் வாசன வருது பாரு. வேம்ப இதோட சேக்காத, கெட்டுப்பூடும்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது, சட்டைக்கு இஸ்திரி கேட்டார். அது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வைகாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பருத்தித் தொப்பி போட்டு வந்ததால் ஊர் எல்லையிலேயே தொப்பி நெற்றியில் வடிந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீசில் ஊரைக் கூட்டிவைத்துப் பொறுமையாக விளக்கினார்கள். காளான்களிடம் ஒரு நொதி உண்டாம், அது செடியின் நாரைக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கிச் சர்க்கரையாக்குமாம், வழக்கமாக அதற்கு வாரக்கணக்காகும், ஆனால் இந்தப் பாசியோடு ஒரு காளான் சேர்ந்து வளர்கிறது, பாசியிலிருக்கிற பச்சையம் வெயிலை வாங்கி அந்தக் கத்தரிக்கோலுக்குக் கொடுக்கிறது, அதனால்தான் இந்த வேகம். செடி வெயிலை வாங்கிச் சர்க்கரையைக் கட்டி நாராக்கி வைத்ததை, அதே வெயில் இப்போது பிரித்துத் தருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதத்தாங்க சார் நாங்களும் சொல்றோம். வெயில் குடுத்திச்சு, வெயிலே திருப்பிக் குடுக்குது" என்றார். வந்தவர்கள் குறிப்பு எழுதிய நோட்டைக் காரின் மேல் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது செங்கேணி அதை ஒரு சொம்பில் பிடித்திருந்தாள்.

அஞ்சலாட்சி எழுந்து நின்று கேட்டாள். "சார், இது சர்க்கரதான? சக்கர வியாதிக்காரங்க குடிக்கலாமா?"

"கூடவே கூடாது. இது சுத்தமான குளுக்கோஸ்."

கூட்டம் சிரித்தது. கலியமூர்த்தி அவளைப் பார்த்து, கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நர்ஸம்மா, கடைச் சீனில மருந்து போட்டு வெளுக்குறான், அதான் கெடுதி. நாட்டுச் சர்க்கரை கெடுதியா? கருப்பட்டி கெடுதியா? அதெல்லாமாச்சும் மனுசன் அடுப்புல காச்சுனது. இது அடுப்பே பாக்காதது. வெயில்ல வடிஞ்சது ஒடம்புக்கு எப்பிடிம்மா கெடுதி பண்ணும்?"

நெடுமணல் செய்த ஒரே தப்பு இதுதான், அதையும் அன்பினால்தான் செய்தது. ஊரில் அறுபத்தி மூன்று பேருக்குச் சர்க்கரை. அறுபத்தி மூன்று பேருக்கும் தினம் முதல் டம்ளர். அஞ்சலாட்சி சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விரலைக் குத்தினால், கருவி எண் காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று எழுத்து மட்டும் காட்டியது. எல்லாருக்கும் அதே. விரலெல்லாம் பாகு ஒட்டிக் கிடக்கிறது, கருவி ரத்தத்தைப் பார்க்கிறதா பாகைப் பார்க்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக் குத்தினாள், துடைக்கக் கொடுத்த துணியிலும் பாகு. கடைசியில் வெறுத்துப்போய் நோட்டில் எல்லார் பெயருக்கும் எதிரே "கை சுத்தமில்லை" என்று எழுதினாள். தெய்வசிகாமணியின் விரலைக் குத்தியபோதும் அதே எழுத்துதான் வந்தது. அவள் அதே இரண்டு வார்த்தையைத்தான் எழுதினாள்.

ஆனி மாதம் கலியமூர்த்தியின் பெரியப்பா மாசிலாமணி செத்துப்போனார். எண்பத்தாறு வயசு, கல்யாணச் சாவு. பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள், தென்னங்கீற்று பரப்பினார்கள். வெட்டி மூன்று மணி நேரமானால் எதுவும் செத்ததுதான், வெயிலுக்கு அது தெரியும். பாதித் தெரு தாண்டுவதற்குள் கீற்று ஒழுக ஆரம்பித்தது. அதோடு பாடையை இறக்கி நிழலில் வைத்திருக்கலாம், இரும்பு ஏணி கொண்டுவந்திருக்கலாம். பெண்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். ஓடிப்போய் ஏனம் எடுத்து வந்தார்கள். பாடைக்கு இரண்டு பக்கமும் கூடவே நடந்து, கிண்ணத்தை ஏந்திப் பிடித்து, பிணத்தின் முதுகுக்குக் கீழிருந்து வடிந்ததை வாங்கினார்கள். "பெரிசு வாழ்ந்த வாழ்வுக்கு இன்னா தித்திப்பு பாரு" என்று ஒருத்தி அழுதுகொண்டே குடித்தாள். மூங்கில் வளைந்தது, நடு ரோட்டில் மாசிலாமணி சொத்தென்று விழுந்தார், ஈக்கள் அவர்மேல் இறங்கின. பறையடிக்கிறவர்கள் நிறுத்தவில்லை. கலியமூர்த்தி கொள்ளிச்சட்டியோடு திரும்பி, "பாகுக்காரரே, மூங்கில் எப்பிடி?" என்று கேட்க, தெய்வசிகாமணி விரலை நாக்கில் வைத்து, "லேசு. தண்ணிப் பதம். ஆனா சுத்தம்" என்றார்.

அஞ்சலாட்சி ரோட்டோரம் குத்தவைத்துக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"முழுங்குறீங்களா?"

"சேச்சே. பதம் பாக்குறவன் முழுங்குவானா? நாக்குல வச்சுத் துப்பிடறேன் அஞ்சல. ஆலையிலயும் அப்பிடித்தான்."

"பொணத்துக்கு அடியில வடிஞ்சத வாயில வச்சீங்களே, நீங்க மனுசன்தானா?"

"ஊரு கேக்குது, வேணாம்னு சொல்லச் சொல்றியா? பதினோரு வருசம் கழிச்சு இப்பதான் கேக்குது." பிறகு கையை நீட்டி, அவள் போர்த்தியிருந்த தலைப்பின் மேலாகக் கழுத்தைத் தொட்டார். "இந்தத் தாலி மேல சத்தியம். ஒரு சொட்டு உள்ள எறங்குனதில்ல."

அவள் நம்பினாள். முழுக்க நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் நம்பாவிட்டால் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், கிட்டே போய் முகர வேண்டும். அந்த வாய்க்குக் கிட்டே போக அவளுக்குச் சகிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள், படுக்கையையும் தனியாகப் போட்டுக்கொண்டாள். அவர் பக்கத்திலிருந்து புளித்த நாற்றம் வந்தது. ஊர் முழுக்க வருகிற நாற்றம்தானே என்று மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடி பதினெட்டு கழிந்து ஒரு மத்தியானம் அவள் ரவுண்ட்ஸ் முடித்து வீடு திரும்பியபோது, வாசற்படியிலிருந்து ஒரு எறும்புச்சாரி சுவரோரமாக உள்ளே போனது. செவ்வெறும்பு. கழுவித் துடைத்த அவள் வீட்டில் எறும்பு. கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறார், டம்ளரைப் படுக்கைக்குள் வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தலைக்கு மேல் ஏறியது. சாரி சுவரைச் சுற்றி, பிளாஸ்டிக் கட்டிலின் காலில் ஏறி, போர்வைக்குள் போனது. தெய்வசிகாமணி மல்லாந்து படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரே இழுப்பில் போர்வையை உருவினாள்.

டம்ளர் இல்லை. எறும்புகள் அவருடைய இடது காலுக்குப் போயின. பாதத்துக்கு அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு குழி. விளிம்பு கறுத்து, உள்ளே மஞ்சளும் சாம்பலுமாக, ஆழம் தெரியவில்லை. எறும்புகள் ஒரு பக்கமாக உள்ளே போய் இன்னொரு பக்கமாக வெளியே வந்தன. வந்தவற்றின் வாயில் ஏதோ இருந்தது.

"இன்னா அஞ்சல?" என்றார் அவர், ரேடியோவைக் குறைத்துவிட்டு. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலில் உணர்ச்சி போய் எவ்வளவு நாளாயிற்று என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவள் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவினாள். திரும்பி வந்து வெறும் கையால் எறும்புகளைத் தட்டிவிட்டாள். ஊரில் அறுபது பேருடைய கால் விரல்களை மாதா மாதம் விரித்துப் பார்த்தவள், இவர் காலை நாலு மாதமாகப் பார்க்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, அருவருப்பு. அழுகுகிற காலின் நாற்றம் அந்த ஊரின் தித்திப்பு நாற்றத்தோடு ஒன்றாகக் கலந்து அவள் மூக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது, அவள் ஊரை வெறுப்பதாக நினைத்து அதையும் சேர்த்து வெறுத்துவிட்டாள்.

ஜில்லா ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சின்ன வயசு டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "நீங்க நர்ஸ்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் சர்க்கரை இறங்கியது. வலது பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது, ஆனால் தோல் நன்றாக இருக்கிறது, சர்க்கரை இப்படியே இருந்தால் இந்தக் காலைக் காப்பாற்றிவிடலாம், பழையபடி குடித்தால் தைக்குள் இதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அஞ்சலாட்சிக்கு அதன் பிறகு உலகத்தில் அந்த ஒரு வலது பாதம்தான் இருந்தது. கிளம்புகிற அன்று இரண்டு ஊன்றுகட்டை கொடுத்தார்கள். மரக்கட்டை. "ஸ்டீல்ல குடுங்கய்யா, புண்ணியமாப் போவும்" என்று அவள் கெஞ்சினாள். ஸ்டோரில் இருந்தது அதுதான். இரண்டு கட்டையையும் பாலிதீன் சுற்றி, அதன் மேல் கறுப்பு டேப் சுற்றி, ஒரு இம்மி மரம் வெளியே தெரியாமல் ஒட்டி, மூடின வேனில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

ஊர் பார்க்க வந்தது. கையில் டம்ளரோடு வந்தது.

"வெயிலுக்கு ஒரு காலையே குடுத்திருக்காரு" என்று கலியமூர்த்தி கண்கலங்கினார். "புரட்டாசிப் படையலுக்கு ஊர்ப் பாகையெல்லாம் ஒண்ணாக் கலக்கப் போறோம். பாகுக்காரரு வந்து பதம் சொல்லாட்டி எப்பிடி?"

அவள் கலியமூர்த்தியின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி அதில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தாங்க, இதுக்குப் பதம் பாத்துச் சொல்லுங்க. போங்கய்யா வெளிய. பீ துன்ற நாய்ங்க ஒங்களவிட சுத்தமா இருக்கும்."

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். போகும்போது படியில் சிந்தியதை ஒருவர் விரலால் வழித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அவள் தினம் இரண்டு வேளையும் அவருடைய வலது காலை மடியில் வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலிடுக்கை விரித்து விரித்துப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "முழுங்குனேன் அஞ்சல" என்றார்.

"தெரியும்."

"மொத நாளு துப்புனேன். ரெண்டாம் நாளு துப்ப மனசு வரல. பன்னெண்டு வருசம். நாக்கு செத்துப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"தாலி மேல சத்தியம் பண்ணீங்க."

அவள் அடுத்த விரலை விரித்தாள்.

படையல் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. அன்றைக்கே பக்கத்து ஊரில் தடுப்பூசி முகாம் வைத்துவிட்டார்கள். தகரக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுத்தான் போனாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது தாழ் திறந்திருந்தது, யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் திறந்துவிட்டிருந்தார். ஆறு வீடு தள்ளி, தெரு நடுவில், உச்சி வெயிலில் ஒரு கூட்டம் குனிந்து நின்றது. எல்லார் கையிலும் டம்ளர்.

அவள் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். படையலுக்குப் போகக் கிளம்பியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கட்டையின் டேப்பையும் பாலிதீனையும் நகத்தால் உரித்துப்போட்டிருந்தார். பாசி அதற்குள் ஏறி, கட்டை நுனியிலிருந்து வளைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, கரும்பு தின்கிற மாதிரி வாய்க்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாடியில், மார்பில், வெட்டின காலின் கட்டுத் துணியில் எல்லாம் பாகு. கட்டுத் துணியும் உருகிப் புண்ணின் தையலில் ஈ உட்கார்ந்திருந்தது. சுற்றி நின்றவர்கள், "இன்னா மரம் பாகுக்காரரே?" என்று ஆவலோடு கேட்டுக்கொண்டு, மிச்சம் வடிவதை வாங்க டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். "இது மாமரம் அஞ்சல" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "எளசான மா. காயாத மரத்துல செஞ்சிருக்கான்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் வாயைத் திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போகும். அவள் அவர் பக்கத்தில் கிடந்த இரண்டாவது கட்டையை எடுத்தாள். டேப்பைப் பிரித்தாள். பாலிதீனைக் கிழித்தாள். தெருவோரச் சாக்கடைக்குக் குறுக்கே அதை வெயிலில் வைத்து, பையிலிருந்த பிளீச்சிங் பவுடர் முழுவதையும் அதன்மேல் கொட்டினாள். கூட்டம் ஐயோ என்றது. கட்டை பச்சையாக மினுங்கி, நுரைத்து, நடுவில் உடைந்து, கறுத்த தண்ணீரில் ஒழுகி இறங்கியது. செங்கேணி டம்ளரோடு ஓரடி முன்னால் வந்தாள், பிளீச்சிங் நெடி தாங்காமல் பின்வாங்கினாள்.

தெய்வசிகாமணி வாயிலிருந்ததை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்ததும் ஒரு சாண்தான் மிச்சம், அதுவும் விரலிடுக்கில் வழிந்து தீர்ந்தது.

"ரெண்டும் போச்சே" என்றார். "நான் இனிமே எப்பிடி அஞ்சல எழுந்திருப்பேன்?"

"நான் தூக்குனாத்தான்."

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "புடிங்க." அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கை ஒட்டியது, மார்பு ஒட்டியது, அவர் மூச்சு அவள் காதோரம் தித்திப்பாகவும் புளிப்பாகவும் அடித்தது. இனி இந்த மனுஷன் எங்கே போவதென்றாலும் இந்த முதுகில்தான், நான் கொண்டுபோகாத இடத்துக்கு இவர் போக முடியாது, வலது கால் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்தாள். ஆறு வீடு. கூட்டம் வழிவிட்டது. ஒரு அடிக்கு ஒரு சப். மூன்றாவது வீட்டருகே அவர் நழுவப் பார்த்து அவள் தலைப்பைப் பற்றினார். போர்த்தியிருந்த நைலக்ஸ் சரிந்து இறங்கியது. ஆறு மாதமாக வெயிலே படாத அவள் பிடரியில் சுரீர் என்று உச்சி வெயில் விழுந்தது.

கழுத்தில் கயிறு இளகுவது அவளுக்குத் தெரிந்தது. முதலில் வெதுவெதுப்பாக, அப்புறம் ஈரமாக. அவர் தலை கொஞ்சம் அசைந்தது. பிடரியில் நாக்கு பட்டது. ஒரு முறை. பிறகு மெதுவாக, கவனமாக, இந்தக் காதடியிலிருந்து அந்தக் காதடிவரை இன்னொரு முறை.

"பருத்தி" என்றார் அவர் முணுமுணுப்பாக, பதம் பார்க்கிற குரலில். "மஞ்ச வாசன தூக்கலா இருக்குது."

தாலி அவள் மார்பில் வழுக்கிக்கொண்டு இறங்கி, சேலை மடிப்பில் ஒரு கணம் தங்கி, தெருவில் விழுந்து பாகில் ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். குனிந்தால் அவர் விழுந்துவிடுவார். அவள் குனியவில்லை, இன்னும் மூன்று வீடு இருந்தது.